இரண்டு நாளுக்குப் பதினோரு பக்கம்

சனிக்கிழமை காலை ரயிலேறி, பெரிய நகரத்துக்குத் தனியாகப் போய், ஒரு ஓட்டலில் தங்கி, இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரப்போவதாகச் சிஸ்டர் வீட்டில் சொன்னபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: யார்கூட?

தனியாக என்றுதான் சொல்லியிருந்தாள். அதில் விளங்காத சொல் எதுவும் இல்லை. ஆனால் நாற்பத்தொன்பது வயதில், இருபத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்திய ஒரு பெண்பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னால் அது யார் காதிலும் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரியில் ஏதாவது பயிற்சிக்கு அனுப்புகிறார்களா என்று கணவர் கேட்டார். யார் வீட்டுக் கல்யாணம் என்று மாமனார் கேட்டார். மகள் மட்டும், நீ கட்டாயம் போகத்தான் வேண்டும் அம்மா என்று குதித்தாள். குதித்த கையோடு, கூட யார் வருகிறார்கள் என்றும் கேட்டாள்.

யாரும் வரவில்லை என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு சிஸ்டர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அவளைச் சிஸ்டர் என்று நான் சொல்வதில் தப்பில்லை. ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில், இருபத்திரண்டு படுக்கைக்கும் அவள்தான் தலைமை நர்ஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். நோயாளிகள், வாட்ச்மேன், மருந்துக் கடைக்காரர், பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். இதில் பெரிய கூத்து, கட்டின கணவருக்கும் அவள் சிஸ்டர்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வேடிக்கைக்காகக் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு பத்து நாளில் தீர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இரண்டு பிரேக் வைத்த காரில் இடது பக்கம் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எட்டுப் பேருடைய உயிர்ப் பயத்தைப் பார்க்கிற மனிதர். அதனால் எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். பேச்சு ஏடாகூடமாகப் போகிறது என்று தோன்றினால் மட்டும் மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். அன்றைக்குச் சாப்பாடு முடிகிற வரை அழுத்தியபடியேதான் இருந்தது.

அவளுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். குடிக்காத கணவன், வேலைக்குப் போகிற மகள், வாயாடினாலும் வம்பு செய்யாத மாமனார், ஒழுகாத கூரை. குறை என்று விரலை நீட்டிக் காட்ட ஒன்றும் கிடையாது. அவளுக்கு வருத்தமும் கிடையாது, கோபமும் கிடையாது. எதுவுமே கிடையாது. அதுதான் விஷயம்.

அது தொடங்கிய நாள்கூட அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால், பதினேழாம் படுக்கையில் ஒரு தச்சர் நாற்பது நாள் கிடந்தார். அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் ஜன்னல் கிடையாது. தினமும் காலையில் அவள் டியூட்டிக்கு வந்ததும் வெளியே வெயிலா மழையா என்று கேட்பார். அவளும் சொல்வாள். ஒரு நாள் பதினோரு மணிக்கு அவர் போய்விட்டார். செய்ய வேண்டியதையெல்லாம் சிஸ்டர் செய்தாள். கண்ணை மூடினாள், உடம்பைத் துடைத்தாள், படிவத்தை நிரப்பினாள். ரெண்டு மணிக்குள் படுக்கை காலியானால் கீழே அவசரப் பிரிவில் காத்திருக்கிற ஆளை மேலே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தாள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நர்ஸும் அப்படித்தான் நினைப்பாள். ஆனால் அந்த நினைப்புக்கு முன்னாலும் ஒன்றும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அழுகை வருமா என்று ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள். வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மகள் துள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். "சரி" என்றாள் சிஸ்டர். சொன்ன பிறகுதான் அவள் காதுக்கே அது உறைத்தது. மத்தியானம் பிரேதத்தை எடுத்துப் போக வந்த ஆட்களிடம் சொன்ன அதே சரி. ஒரு பிசிறுகூட மாறவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதமும் அப்படியே ஓடியது. நாக்குக்கு ருசி தெரியவில்லை. உப்பைக் கரண்டி அளவில் போட்டதால் சமையல் கெடவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். வார்டில் ஒரு மருந்துகூட மாறவில்லை. சொல்லப்போனால் முன்பைவிடச் சுத்தமாக வேலை நடந்தது. மனசு குறுக்கே வராத வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

கண்டுபிடித்தவள் மேட்ரன். அந்த அம்மாளுக்கு நர்ஸ்கள் விஷயத்தில் மூக்கில் வேர்க்கும். எடுக்காத விடுப்பு நாற்பத்தொரு நாள் நிற்கிறது, சனியும் ஞாயிறும் எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்த் தொலை என்று உரிமையோடு திட்டினாள். வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று சிஸ்டர் சொன்னதற்கு அவள் விடவில்லை.

"வீட்ல இருந்தா அது லீவு இல்லடி. வார்டு மாத்தம்."

பெரிய நகரம் என்று சிஸ்டர் சொன்னதற்கு விசேஷக் காரணம் ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தில் வேறு ஊரின் பெயர் வாயில் வரவில்லை.

ரயில் நிலையத்துக்குப் போய் அவளே டிக்கெட் எடுத்தாள். கவுண்டரில் இருந்தவர், திரும்புவதற்கும் சேர்த்துப் போடட்டுமா, ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டி சீக்கிரம் நிறைந்துவிடும் என்றார். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, போகிற டிக்கெட்டை மட்டும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றைப் பொத்தி வைத்துக் கடைசியில் திறந்து காட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிஸ்டருக்கு வீட்டை விட்டு ஓடிப்போகும் எண்ணம் கிடையாது. சாகும் எண்ணம் சத்தியமாகக் கிடையாது. ஆனால் திரும்பி வரும் எண்ணமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஓட்டல் அறை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, யாரோ விரித்து வைத்த வெள்ளைப் படுக்கை தெரிந்தது. அதற்கு மேல் படம் நின்றுவிட்டது. அது அவளைக் கலவரப்படுத்தியிருக்க வேண்டும். படுத்தவில்லை.

திட்டம் போடும் வேலையை மகள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நகரத்தைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும், ஒரு தடவையும் போனதில்லை என்பதைத் தவிர. மியூசியம், மீன் காட்சி சாலை, ஊரையே பார்க்கலாம் என்கிற உயரக் கோபுரம், ஏரியோரப் பூங்கா, கடைத்தெரு என்று மணி போட்டு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். எந்த இடத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. சிஸ்டர் அதை மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தாள். மியூசியத்துக்கும் மீன்களுக்கும் நடுவில் இருபது நிமிஷம்தான் இருக்கிறது, நடக்கப் போதாது என்று ஒரு திருத்தம் சொன்னாள். உனக்கு எதைப் பார்க்க ஆசை என்று மகள் கேட்டாள். எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னாள். மகளுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் சின்ன வயசு, அடுத்த நிமிஷம் அம்மாவின் செருப்பு நடப்பதற்கு லாயக்கில்லை என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஓட்டலுக்குப் போன் செய்தபோது எதிரில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். எத்தனை பேர் என்றார். ஒருத்தர். எந்த மாடி வேண்டும் என்றார். மூன்றாம் மாடி வேண்டாம், வேறு எதுவானாலும் சரி என்றாள். வேலை விஷயமாக வருகிறீர்களா, சுற்றிப் பார்க்கவா, பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார். எதை எழுதினால் சரி என்று அவரையே கேட்டாள். சுற்றிப் பார்க்க என்றே போட்டுக்கொள்கிறேன் மேடம் என்று அவரே முடித்துக்கொண்டார்.

வார்டில் செய்தி தெரிந்ததும் கசமுசா கிளம்பியது. வீட்டில் ஏதோ சண்டை என்று ஒரு கட்சி. பெரிய டாக்டரைப் பார்க்க ரகசியமாகப் போகிறாள், உடம்பில் ஏதோ கட்டி என்று இன்னொரு கட்சி. ஒரு பெண் சும்மா இருக்கப் போகிறாள் என்பதை நம்ப ஒரு கட்சியும் இல்லை. பன்னிரண்டாம் படுக்கையில் கால் உடைந்து கிடந்த லாரி டிரைவர் மட்டும், அந்த ஊரில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் வலது பக்கம் திரும்பாதீங்க சிஸ்டர், ஆட்டோக்காரர்கள் பிய்த்துவிடுவார்கள் என்று உருப்படியாக ஒன்று சொன்னார்.

இப்போது வார்டு வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் இதற்குப் பிறகு நடந்தது புரியும். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வரும்போது நர்ஸ்கள் "ஓவர் கொடுப்பது" என்று ஒன்று உண்டு. போகிறவளும் வருகிறவளும் படுக்கை படுக்கையாகச் சேர்ந்து நடப்பார்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் போகிறவள் ஒரே வரி சொல்வாள்: யார், என்ன ஆயிற்று, அடுத்த எட்டு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும். வருகிறவள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. வாயால் சொன்னால்தான் அது காதில் ஏறியதாக அர்த்தம். கடைசியில் தாளில் கொடுத்தவர், எடுத்துக்கொண்டவர், நேரம், அடுத்த டியூட்டி யார் என்று நான்கு கட்டம். எடுத்துக்கொள்கிறவள் கையெழுத்துப் போடாமல் கொடுத்தவள் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை போகும். ஒரு மழை நாளில் அடுத்தவள் வந்து சேராததால், காலை டியூட்டி முடித்த சிஸ்டர் அடுத்த நாள் காலை வரை அங்கேயே நின்றிருக்கிறாள்.

இன்னொரு குறிப்பும் உண்டு. நோயாளியை ஒரேயடியாக வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது எழுதுவது. அதற்கு டிரான்ஸ்பர் சம்மரி என்று பெயர். அதில் ஒரு வரி பத்தாது. பிறந்ததிலிருந்து வந்த நோய், எந்த மருந்து ஆகாது, எதற்குப் பயப்படுவார், யாரைக் கூப்பிட்டால் சமாதானமாவார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிஸ்டர்தான் வருஷா வருஷம் சொல்லிக் கொடுப்பாள். ஓவர் கொடுக்கும்போது கதை அளக்காதே, நாளைக்கு நீ வரத்தானே போகிறாய் என்பாள். டிரான்ஸ்பர் என்றால் எதையும் விடாதே, அங்கே அவர்கள் கேட்பதற்கு நாம் இருக்க மாட்டோம் என்பாள்.

வியாழக்கிழமை மத்தியானம் காலை டியூட்டி முடிந்து வந்தவள், வார்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த வெற்று ஓவர் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஓவர் எழுத உட்கார்ந்தாள். படுக்கை ஒன்று மாமனார். இரண்டு மகள். மூன்று கணவர். நான்கு வீடு. வீட்டுக்கும் நம்பர் போட்டதில் அவளுக்கு எந்த வித்தியாசமும் தோன்றவில்லை.

"படுக்கை ஒன்று. ஆண், வயது எண்பத்தொன்று. இடது காது கேட்காது. வலது காது கேட்கும், கேட்காதது போல இருப்பார். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விழுங்கிவிட்டதாகச் சொல்வார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும்." இதில் ஆரம்பித்தது. "படுக்கை இரண்டு. பெண், இருபத்திரண்டு. கோபம் வந்தால் சாப்பிடாது. கெஞ்ச வேண்டாம். தட்டை மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிடவும். அரைமணியில் தானாக வரும்." எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. தலை நிமிராமல் எழுதினாள். சாயங்காலம் மகள் வந்து விளக்கைப் போட்டபோது ஏழாவது தாள் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வந்து இன்னும் நாலு எழுதினாள். பதினோரு தாள், இரண்டு பக்கமும் அல்ல, ஒரு பக்கம்தான். வார்டு வழக்கம் அது.

வெள்ளி சாயங்காலம் ஆறரை மணிக்குக் கணவர் வந்தார். கடைசியாக வந்த மாணவி ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே முகம் கழுவினார். அன்றைக்கு மகள் கடையிலிருந்து வர எட்டாகும். மாமனார் உள்ளே ரேடியோவை ஊருக்கே வைத்திருந்தார். ஓவர் எடுத்துக்கொள்கிறீர்களா என்று சிஸ்டர் கேட்டாள். துண்டால் துடைத்தபடி வந்து உட்கார்ந்தவர் தாள்களின் கனத்தைப் பார்த்து, பரீட்சை எதுவும் உண்டா என்றார். நான் படிக்கப் படிக்க நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றாள். அவருக்கு அது பழகிய வேலை. பகல் முழுக்க கிளட்ச், கியர், கண்ணாடி என்று பிறரைத் திருப்பிச் சொல்ல வைக்கிறவர்தானே.

முதல் நாலு தாள் நன்றாகவே போயிற்று. அப்பாவின் கன்னத்து மாத்திரையைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். இது எனக்கே தெரியாதே என்றார். தன்னுடைய தாளைக் கேட்டு அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "படுக்கை மூன்று. தலைவலி என்றால் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் தலைவலி என்று அறியவும்." அதையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியில் கை போனது, எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் தாளிலிருந்து அவர் குரல் தணிய ஆரம்பித்தது. அப்பாவின் கண் பரிசோதனை அடுத்த வருஷக் கடைசியில் என்றிருந்தது. மொட்டை மாடித் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும் என்றிருந்தது. வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில், அந்தப் பெட்டியின் சாவி எந்த டப்பாவில் என்றிருந்தது. எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். எட்டாம் தாளில் மறுபடியும் மகளுடைய எண் வந்தது. சிஸ்டர் வார்டில் படிக்கிற அதே சீரான குரலில் படித்தாள்.

"படுக்கை இரண்டு. ரத்த வகை நெகட்டிவ். பின்னாளில் பிரசவம் என்றால் முதல் மாதமே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு நினைவிருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"ரத்தம் நெகட்டிவ்," என்று ஆரம்பித்தார் அவர். "பின்னாளில் பிரசவம்னா..."

அதற்கு மேல் போகவில்லை. மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மேஜைக்கு அடியில் அவருடைய கால் தரையை அழுத்தியது. தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீ ஞாயித்துக்கிழமை வந்துடுவல்ல?"

வந்துவிடுவேன் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். கண் தாளில் இருந்தது. வேறொரு நர்ஸ் எழுதியதைத் திருத்துவது போல அதை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். இது ஓவர் இல்லை என்று தெரிந்தது. முதல் தாளை எடுத்துப் பார்த்தாள், ஐந்தாவதைப் பார்த்தாள். எதுவுமே ஓவர் இல்லை. பதினோரு தாளும் டிரான்ஸ்பர் சம்மரி. வருஷா வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் தன் வீட்டுக்கு ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதியிருந்தாள். கேட்பதற்கு நாம் அங்கே இருக்க மாட்டோம் என்று அவளே சொல்கிற வாக்கியம் அவள் காதிலேயே கேட்டது.

"திரும்பி வர டிக்கெட் எடுக்கல," என்றாள்.

உள்ளே ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன் மேல் ஏதாவது மனத்தாங்கலா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். வேறு யாராவது என்று பாதியில் இழுத்து நிறுத்தினார். அதுவும் இல்லை, இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவள் சொன்னதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். தச்சரைச் சொன்னாள். கழிவறையில் நின்ற ஐந்து நிமிஷத்தைச் சொன்னாள். மகளுக்குச் சொன்ன சரியைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். பேப்பரில் வந்ததைப் படிப்பது போலத்தான் சொன்னாள். குரல் எங்கேயும் உடையவில்லை.

எட்டு மாதமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லிப் புலம்பித் தீர்த்திருப்பேன். அவர் அந்தப் பதினோரு தாளையும் தட்டி ஒன்றாக அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

"இத நீயே வெச்சுக்கோ. எனக்கு ரெண்டு நாளுக்குத்தான் வேணும். ஒரு வரி போதும்."

கட்டுக்கு அடியில் மிச்சமிருந்த வெற்றுத் தாளை உருவி, பேனாவை எடுத்து, ஒன்று முதல் நாலு வரை தானே எழுதினார். கோழிக் கிறுக்கல். மாத்திரை, வாய். தட்டு, மூடி. கண்ணாடி. கேஸ் அடுப்பு. அதற்குக் கீழே ஐந்து என்று போட்டு நிறுத்தினார்.

"உனக்கு நம்பரே போடல நீ. சொல்லு."

தன்னைப் பற்றி ஓவர் கொடுத்துச் சிஸ்டருக்குப் பழக்கம் இல்லை. ஆனால் பேனாவோடு ஒருவர் காத்திருந்தால் சொல்லிப் பழக்கம்.

"பெண். நாப்பத்தொன்பது. எட்டு மாசமா எதுவும் உறைக்கல. ருசி இல்ல. அழுகை இல்ல."

"வலி?"

"இல்ல."

"வேற?"

மறைக்க வேண்டும் என்று இல்லை. நோயாளியிடம் கேட்டுச் சரியான பதில் வரக் காத்திருப்பது போலத் தன்னிடமே காத்திருந்தாள்.

"பயம் இருக்கு. இப்படியே இருந்துடுமோன்னு."

அதைச் சொல்லும்வரை தனக்குப் பயம் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவர் எழுதினார். எழுதி முடித்து, விதிப்படி, நிமிர்ந்து திருப்பிச் சொன்னார்.

"எட்டு மாசமா எதுவும் உறைக்கல. ருசி இல்ல. அழுகை இல்ல. வலி இல்ல. பயம் இருக்கு, இப்படியே இருந்துடுமோன்னு." ஒரு சொல்லையும் அவர் விடவில்லை, ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. எட்டு மாதமாக அவள் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது இப்போது இன்னொரு வாயிலிருந்து கேட்டது. சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் தலையசைத்தாள்.

போகத்தான் வேண்டுமா என்று கேட்டார். போக வேண்டும் என்றாள். போ என்றார். கொடுத்தவர் என்ற கட்டத்தில் சிஸ்டர் என்று எழுதி, எடுத்துக்கொண்டவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார், நேரம் ஏழு பத்து என்று எழுதினார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அடுத்த டியூட்டி யார் என்று கேட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினாள், எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமையை மறுபடியும் நினைத்துப் பார்த்தாள். ஓட்டல் அறை, ஜன்னல், வெள்ளைப் படுக்கை. அதற்கு மேல் இப்போதும் படம் ஓடவில்லை. ஆனால் காலியான கட்டத்தோடு ஒரு தாளை விட்டுவிட்டு அவள் எந்த நாளும் நகர்ந்ததில்லை. ஞாயிறு, இரவு எட்டு மணி என்று எழுதி, பக்கத்தில் 'நான்' என்று போட்டாள். எழுத்து அவளுடைய எழுத்தாகத்தான் இருந்தது, குண்டு குண்டாக.

அவர் படித்துப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு ஸ்டேஷன்ல நிப்பேன். அந்த வண்டில நீ வரலன்னா அடுத்த வண்டிக்கும் நிப்பேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்லி முடிக்க எனக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை, அவ்வளவுதான். பேனாவை மூடி அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே ரேடியோ நின்றது. "அம்மாடி, யாரு இருக்கா அங்க?" என்று மாமனார் கூப்பிட்டார். கூப்பிட்ட குரல் முடிவதற்குள் சிஸ்டர் பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காரு," என்றார் கணவர். "டியூட்டி மாறியாச்சு."

வந்துவிட்டேன் அப்பா என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். சிஸ்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.